இரண்டாவது கிணறு

ஏற்றம் இறைத்த கிணறுகளை இன்றைய மாணவர்களுள் பலர் படத்தில் மட்டுமே கண்டிருப்பீர்கள். கிணற்றங்கரையில் உறுதியான கால் ஒன்றை நட்டு, அதன் தலையில் நீண்ட மரமொன்றைக் குறுக்கே பொருத்தியிருப்பார்கள். துலா என்பது அதன் பெயர். துலாவின் ஒரு முனையிலிருந்து கிணற்றுக்குள் சால் தொங்கும். துலாவின்மீது ஆட்கள் முன்னும் பின்னுமாக நடப்பார்கள். அவர்களுடைய பாரத்தினால் முனை தாழும், உயரும். சால் இறங்கும், ஏறும். நீர் வாய்க்காலில் பாயும். நீராவியின் ஆற்றல் கைவந்த பிறகும் இந்த ஏற்பாட்டின் வடிவம் முற்றும் மாறிவிடவில்லை. ஆள் நடந்த இடத்தில் நீராவி உந்தியது. மரத்துலா இருந்த இடத்தில் இரும்புத்துலா வந்தது. இங்கிலாந்தின் சுரங்கங்களில் ஊறும் நீரை நூறு ஆண்டுகளுக்கு மேல் இறைத்துக் கொட்டியவை இவ்வகை இரும்பு ஏற்றங்களே.

அத்தகைய துலா ஒன்று முறிந்த கதையிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். தொழில் நடக்கும் இடத்தில் ஆபத்து நேர்ந்துவிட்டால் உள்ளே இருப்பவன் எப்படி வெளியே வருவான், வெளியே இருப்பவன் எப்படி உள்ளே போவான் என்ற கேள்விக்கு மக்கள் விடை தேடிய வரலாற்றில் பெரும் பகுதி நிலத்துக்கு அடியிலே நிகழ்ந்தது. அந்த வரலாற்றில் இந்தத் துலாவுக்குத் தனி இடம் உண்டு.

இங்கிலாந்தின் வடகிழக்கில் நார்தம்பர்லாந்து என்னும் மாவட்டம் இருக்கிறது. கடலோரத்தை ஒட்டிய அப்பகுதியில் நியூ ஹார்ட்லி என்பது நிலக்கரியை நம்பி வாழ்ந்த ஒரு சிற்றூர். அங்கிருந்த சுரங்கத்தில் நீர் ஊற்று மிகுதி. ஆகவே பெரியதொரு நீராவி இயந்திரத்தை நிறுவி, இரவு பகலாக நீரை இறைத்து வந்தார்கள். அதன் துலா வார்ப்பிரும்பினால் ஆனது. எடை 42 டன். அதில் ஒரு பாதி இயந்திரக் கட்டடத்துக்குள்ளும் மறு பாதி சுரங்கத்தின் வாய்க்கு நேர் மேலேயும் இருந்தது.

சுரங்கத்தின் வாய் என்றேன். நிலக்கரிப் படலத்தை எட்டுவதற்கு முதலில் செங்குத்தாக ஒரு குழி தோண்டுகிறார்கள். 'ஷாஃப்டு' என்பது தொழிலாளர் வழக்கு. நாம் கிணறு என்றே சொல்லலாம். ஹார்ட்லியின் கிணறு சுமார் 600 அடி ஆழம். குறுக்களவு பன்னிரண்டரை அடி. அந்தச் சுரங்கத்துக்கு இருந்தது அந்த ஒரே கிணறுதான். ஆட்கள் இறங்குவதும் ஏறுவதும் அதன் வழியே. கரி மேலே வருவதும் அதன் வழியே. நீர்க்குழாய்கள் சென்றதும் அதன் வழியே. காற்றும் வேறு வழியாக வர இயலாது. கிணற்றின் நடுவே மேலிருந்து கீழ்வரை பலகைத் தடுப்பு ஒன்றை அமைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். அடியில் ஒரு பெரிய அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். அதன் சூட்டால் கெட்ட காற்று ஒரு பாதி வழியே மேலே ஏற, அந்த இடத்தை நிரப்ப நல்ல காற்று மறு பாதி வழியே இறங்கும். பார்ப்பதற்குச் சிக்கனமான ஏற்பாடு. இன்னொரு கிணறு தோண்டுவதற்கு ஆகும் செலவு மிச்சமல்லவா? ஹார்ட்லிக்கு மட்டும் உரிய வழக்கமன்று இது; அந்த வட்டாரத்தில் பல சுரங்கங்கள் அவ்வாறே இயங்கின.

1862-ஆம் ஆண்டு ஜனவரி 16, வியாழக்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். முதல் முறைக்காரர்கள் வேலையை முடிக்கும் நேரம். அடுத்த முறைக்காரர்கள் இறங்கிவிட்ட நேரம். ஆகவே அந்தச் சமயத்தில் இரு முறையினரும் உள்ளே இருந்தார்கள். எட்டுப் பேர் தூக்குக் கூண்டில் ஏறி மேலே வந்துகொண்டிருந்தார்கள். அப்போது துலா நடுவில் முறிந்தது. இருபது டன்னுக்கு மேற்பட்ட இரும்பு, நேரே கிணற்றுக்குள் பாய்ந்தது. பலகைத் தடுப்பு தூள் தூளாயிற்று. கிணற்றுச் சுவரைத் தாங்கிய மரங்களும் கற்களும் பெயர்ந்து, இரும்போடு சேர்ந்து இடைவழியில் இறுகி அடைத்துக்கொண்டன. கூண்டில் வந்த எட்டுப் பேரில் ஐவர் மாண்டனர். அடைப்புக்குக் கீழே 199 பேர் இருந்தார்கள். ஆண்மக்கள் நிரம்பிய வீடுகளில் தகப்பனும் பிள்ளைகளும் ஒன்றாகவே உள்ளே இருந்தார்கள். பன்னிரண்டு வயது நிரம்பாத சிறுவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துலா விழுந்ததால் கீழே இருந்த 199 பேரில் ஒருவருக்கும் காயமில்லை. அவர்கள் நலமாகவே இருந்தார்கள். நீர் இறைப்பு நின்றதால் அடித்தளத்தில் நீர் ஏறத் தொடங்கியது. அதை உணர்ந்து, மேலிருந்த மற்றொரு படலத்துக்கு ஏறிச் சென்று, கிணற்றின் அருகே கூடி அமர்ந்து காத்திருந்தார்கள். மேலேயிருந்து யாராவது வருவார்கள் என்பதில் அவர்களுக்கு ஐயம் இருந்திருக்க முடியாது.

மேலே இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. கிணறு தோண்டுவதில் கைதேர்ந்த வில்லியம் கோல்சன் என்பவர் தலைமையில் ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு அடைப்பை அகற்ற முனைந்தார்கள். அகற்றும்போதெல்லாம் பக்கச் சுவர் சரிந்தது. ஒரு சமயத்தில் ஒரு சிலர்தாம் அந்த இடுக்கில் நின்று வேலை செய்ய முடியும். மேலே ஆயிரக்கணக்கான மக்கள் பனியில் நின்றார்கள். கணவரை இழந்து ஒரு மாதமே ஆகியிருந்த விக்டோரியா அரசி, உள்ளே இருப்பவர்களைப் பற்றிக் கேட்டுத் தந்தி அனுப்பினார். ஆறு நாட்கள் சென்றன. ஜனவரி 22-இல் வழி திறந்தது. இறங்கிச் சென்றவர்கள் கண்டது, தூங்குவது போல வரிசையாகச் சாய்ந்து கிடந்த உடல்களை. சிறுவர்கள் தந்தையரின் தோளில் தலைசாய்த்திருந்தார்கள். ஒருவருடைய சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு கிடைத்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன் எல்லோரும் கூடி இறைவழிபாடு நடத்தினார்கள் என்று அதில் எழுதியிருந்தது. துலா முறிந்து இருபத்தேழு மணி நேரத்துக்குப் பிறகும் அவர்கள் உயிரோடு இருந்தார்கள் என்பதற்கு அந்தக் குறிப்பே சாட்சி.

அவர்களைக் கொன்றது எது? காற்றோட்டத்துக்காக மூட்டிய அந்த அடுப்பே காற்றோட்டம் நின்றபின் நஞ்சைக் கக்கியது. கரி நல்ல காற்று கிடைக்காமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. போவதற்கு வழியில்லாமல் அது கிணற்றடியில் தேங்கியது. பத்தடிக்கு அப்பால் இன்னொரு கிணறு இருந்திருந்தால், அன்று மாலைக்குள் 199 பேரும் வீடு திரும்பி, கூண்டில் மாண்ட ஐவருக்காக அழுதிருப்பார்கள்.

பத்தடி என்பதை நானாகச் சொல்லவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 7-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தில் உள்ள அளவு அது. எந்த நிலக்கரிச் சுரங்கத்துக்கும் குறைந்தது இரண்டு வழிகள் இருக்க வேண்டும். அவற்றுக்கு இடையே பத்தடிக்குக் குறையாத இயற்கைப் பாறை நிற்க வேண்டும் என்று அது விதித்தது. பழைய சுரங்கங்களுக்கு 1864-ஆம் ஆண்டின் முடிவு வரை தவணை கொடுத்தார்கள். 204 பேர் மாண்டதற்கும் சட்டம் பிறந்ததற்கும் இடையே ஏழு மாதங்கூட ஆகவில்லை. இந்த வேகத்தைப் பாராட்டுவதா, 204 பேர் மாளும் வரை எவருக்கும் இது தோன்றவில்லையே என்று வருந்துவதா? தோன்றவில்லை என்பதும் சரியன்று. ஒரே கிணற்றின் ஆபத்தைப் பற்றி அதற்கு முன்பே எச்சரித்தவர்கள் உண்டு. செலவுக் கணக்கின் முன் அந்தக் குரல்கள் எடுபடவில்லை.

சுரங்கப் பாதுகாப்பு என்றவுடன் உங்களுள் பலருக்கு டேவி விளக்கு நினைவுக்கு வரும். பாடநூல்களில் படம் போட்டிருப்பார்கள். 1812-இல் ஃபெல்லிங் என்ற சுரங்கத்தில் 92 பேர் வெடி விபத்தில் மாண்டதையும், 1815-இல் ஹம்ஃப்ரி டேவி, சுடரைச் சுற்றிக் கம்பி வலையைப் பொருத்தி மீத்தேன் வாயு தீப்பற்றாதபடி செய்ததையும் படித்திருப்பீர்கள். அது தீமை வராமல் தடுக்கும் வழி. நான் சொல்ல வந்தது, தடுத்தும் தீமை வந்துவிட்ட பிறகு நடப்பதைப் பற்றி. அந்தத் துறையில் டேவியைப் போலவே போற்றத்தக்க ஒருவர் உண்டு. அவர் பெயர் நம் பாடநூல்களில் அவ்வளவாக இடம்பெறவில்லை.

ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய உடலியல் அறிஞர். மனிதன் மூச்சுவிடும் முறையை ஆராய்வதே அவருடைய வாழ்நாள் வேலை. இந்த ஆராய்ச்சிக்கு அவர் பெரும்பாலும் பயன்படுத்திய பிராணி அவரேதான். கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றைத் தாமே முகர்ந்து, தம் குருதியைச் சோதித்து, தலை சுற்றுவது எப்போது, கால் தள்ளாடுவது எப்போது என்று ஒவ்வொரு நிமிடமும் குறித்துக்கொண்டவர். இந்த நஞ்சு செய்கிற வேலை என்னவென்றால், நம் குருதியில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினைத் தான் பிடித்துக்கொள்வது. பிராணவாயு அதைப் பற்றிக்கொள்ளும் வலிமையைவிட இதன் வலிமை இருநூறு மடங்குக்கும் அதிகம். ஆகவே காற்றில் மிகச் சிறிதளவு இருந்தாலும் போதும். சுமக்கும் வண்டிகளையெல்லாம் இது பிடித்துக்கொள்ள, பிராணவாயு ஏறுவதற்கு இடமில்லாமல் நிற்கிறது.

1896 ஜனவரியில் தெற்கு வேல்ஸில் டைலர்ஸ்டவுன் என்ற சுரங்கம் வெடித்து 57 பேர் மாண்டனர். ஹால்டேன் அங்கே சென்று உடல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெடியில் மாண்டவர்கள் நசுங்கியும் கருகியும் கிடப்பார்கள் என்றே எவரும் எண்ணுவர். பெரும்பாலோருடைய உடலில் அத்தகைய பெருங்காயம் இல்லை. அவர்களுடைய தோலும் குருதியும் இயல்புக்கு மாறாகச் செக்கச் சிவந்திருந்தன. கார்பன் மோனாக்சைடு ஏறிய குருதியின் நிறம் அது. வெடி அவர்களைக் கொல்லவில்லை. வெடித்தபின் பரவிய வாயுவே கொன்றது. பலர் தப்பி வெளியேறும் எண்ணத்துடன் அந்த வாயுவுக்குள்ளேயே நடந்து போயிருந்தார்கள். அவ்வாண்டிலேயே அவர் அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கை, ஹார்ட்லியின் அடைபட்ட கிணற்றடியில் நடந்தது என்ன என்பதையும் முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு தெளிவாக்கியது எனலாம்.

அறிக்கையோடு அவர் நிற்கவில்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத நஞ்சை அறிவதற்கு ஒரு வழி சொன்னார். உருவத்தில் சிறிய, வெப்பக் குருதியுள்ள பிராணிகள் நம்மைவிட மிக விரைவாக மூச்சு விடுகின்றன. ஆகவே நஞ்சும் அவற்றை விரைவில் தாக்குகிறது. எலியையோ சிறு பறவையையோ உடன் எடுத்துச் சென்றால், அது தள்ளாடி விழுந்த பிறகும் மனிதன் திரும்பிவர நேரம் இருக்கும். கானரி என்னும் மஞ்சள் குருவி இப்படித்தான் சுரங்கத்துக்குள் வந்தது. எலி சுருண்டு படுத்தால் மயக்கமா தூக்கமா என்று ஐயுற நேரும். குருவி கொம்பிலிருந்து விழுந்தால் ஐயத்துக்கு இடமில்லை. பிற்காலத்தில், மயங்கிய குருவியை மீண்டும் தெளிவிப்பதற்காகக் கூண்டின் மேலேயே சிறியதொரு பிராணவாயுக் குப்பியைப் பொருத்தினார்கள். கதவை மூடிக் குப்பியைத் திறந்தால் குருவி எழுந்து உட்காரும். தொழிலாளர்கள் அவற்றோடு பேசுவார்களாம், சீழ்க்கை அடிப்பார்களாம். பிரிட்டனில் 1986-இல் மின்னணுக் கருவிகள் வந்த பிறகே இந்தக் குருவிகளுக்கு ஓய்வு கிடைத்தது.

வழி இருந்தால் போதுமா? இரண்டு கிணறு, நான்கு கிணறு என்று இருந்தால் ஆபத்து தீர்ந்துவிடுமா? இந்தக் கேள்விக்குப் பிரான்சு நாடு கொடுத்த விலை மிகப் பெரிது.

வட பிரான்சில் கூரியேர் என்ற கம்பெனியின் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. கிணறுகள் பல, அவற்றை இணைத்து நிலத்தடியில் சுமார் 110 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதைகள் ஓடின. மீத்தேன் வாயு அங்கே அரிது என்று கருதியதால், மூடாத சுடர் விளக்குகளோடுதான் தொழிலாளர் வேலை செய்தார்கள். 1906 மார்ச் 10, சனிக்கிழமை, காலை ஆறரை மணியளவில் அந்தப் பாதைகளுக்குள் ஒரு தீ ஓடியது. மீத்தேன் இல்லாத சுரங்கத்தில் எரிந்தது எது? நிலக்கரித் தூசி. தெருக்கூத்தில் அசுரன் வரும்போது பந்தத்தின்மேல் குங்கிலியப் பொடியைத் தூவுவார்கள். குப்பென்று தீ ஆள் உயரத்துக்கு எழும். கட்டியாக இருந்தால் மெல்லப் புகையும் பொருள், தூளாகிக் காற்றில் மிதக்கும்போது வெடிமருந்து போல் ஆகிறது. சுரங்கத் தரையில் படிந்திருந்த தூசியை முதல் வெடி கிளப்பிவிட்டது. கிளம்பிய தூசியைத் தீ பற்றியது. அந்த வெடி இன்னும் தொலைவில் உள்ள தூசியைக் கிளப்பியது. தப்பிச் செல்ல உதவியிருக்க வேண்டிய இணைப்புப் பாதைகளே தீ ஒரு கிணற்றிலிருந்து மற்றொரு கிணற்றுக்கு ஓட வழியாயின. மாண்டவர்கள் 1,099 பேர். ஐரோப்பாவின் சுரங்க வரலாற்றில் இதற்கு நிகரான இழப்பு வேறில்லை.

மீட்புக்கு இறங்கியவர்களின் நிலையோ இன்னும் பரிதாபமானது. நச்சுக் காற்றில் மூச்சுவிட உதவும் கருவிகளோ, அவற்றை அணிந்து பழகிய ஆட்களோ அங்கே இல்லை. கருவி உலகத்தில் இல்லாமலில்லை. ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர் 1878-லேயே அத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அண்டை நாடான ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாச் சுரங்கங்களில் கருவியும் இருந்தது, பயிற்சி பெற்ற படையும் இருந்தது. செய்தி எட்டியவுடன் மேயர் என்ற பொறியாளர் தலைமையில் அந்தப் படை புறப்பட்டது. பிரான்சும் ஜெர்மனியும் போரிட்டு முப்பத்தைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. தோற்ற பிரான்சு இழந்த அல்சாஸ் இன்னும் ஜெர்மனியின் வசம் இருந்தது. பழைய பகைவர்கள் முதுகில் கருவியைச் சுமந்துகொண்டு பிரெஞ்சுச் சுரங்கத்துக்குள் இறங்கியதைக் கண்டு ஊர் மக்கள் கண்ணீர் விட்டார்கள். 1931-இல் ஆஸ்திரிய இயக்குநர் பாப்ஸ்ட், தோழமை என்று பொருள்படும் தலைப்பில் எடுத்த திரைப்படத்துக்கு இந்நிகழ்ச்சியே வித்து. ஆனால் அவர்கள் வந்து சேர்ந்தது மார்ச் 12-ஆம் நாள். வெடிக்குப் பின் இரண்டு நாட்கள் கழிந்துவிட்டன. கார்பன் மோனாக்சைடுக்கு இரண்டு மணி நேரமே போதும்.

சில நாட்களிலேயே, உள்ளே எவரும் உயிருடன் இருக்க முடியாது என்று பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். தேடுவதைக் கைவிட்டு, தீயை அடக்கிச் சுரங்கத்தைக் காப்பதில் கருத்தைச் செலுத்தினார்கள். மார்ச் 30-ஆம் நாள் காலை, வெடிக்குப் பின் இருபதாவது நாள், கிணற்றடியில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் முன்னே இருளிலிருந்து சில உருவங்கள் வந்து நின்றன. பதின்மூன்று பேர். லாயத்தில் இருந்த குதிரைத் தீனியையும், மாண்ட குதிரையின் இறைச்சியையும், முட்டுக் கொடுத்த மரங்களின் பட்டையையும் தின்று, விளக்கில்லாமல் சுவரைத் தடவித் தடவி, அந்தப் பாதைகளில் தாமாகவே நடந்து வந்தவர்கள். எவரும் அவர்களைக் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள்தாம் மீட்பவர்களைக் கண்டுபிடித்தார்கள். ஏப்ரல் 4-இல் மேலும் ஒருவர் உயிருடன் கிடைத்தார்.

பதின்மூன்று பேர் பிழைத்த மகிழ்ச்சியை நாடு கொண்டாடியிருக்கும் என்று நினைப்பீர்கள். எழுந்தது சினம். இருபது நாள் ஒருவன் உயிரோடு இருக்க முடியுமானால், தேடுதலை நிறுத்திய அன்று உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள்? கதவு தட்டிய கைகள் எத்தனை? கணவனை இழந்த பெண்கள் கேட்ட இந்தக் கேள்விக்குப் பொறியாளர்களிடம் விடை இல்லை. வெடி நடந்த சில நாட்களிலேயே தொடங்கியிருந்த வேலைநிறுத்தம் இதனால் மேலும் முற்றியது. உள்துறை அமைச்சராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த கிளெமான்சோ படைவீரர்களை அனுப்பினார். அந்த அரசியல் நமக்கு இங்கே வேண்டாம். உள்ளே இருப்பவன் இறந்துவிட்டான் என்று முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு, எத்தனை நாளுக்குப் பின் என்பது இன்றும் மீட்புப் பணியில் இருப்போரை உறங்கவிடாத கேள்வி. இருபது நாளுக்குப் பிறகு நடந்து வந்த அந்தப் பதின்மூன்று பேரை நினைத்துக்கொண்டு, எளிதில் எவரும் அந்த முடிவுக்கு வருவதில்லை.

கூரியேருக்குப் பின் மாற்றங்கள் விரைந்து வந்தன. பிரான்சில் லியேவென் என்ற ஊரில் தாஃபனேல் என்பவர் சோதனைச் சாலை அமைத்து நிலக்கரித் தூசி வெடிக்கும் முறையை ஆராய்ந்தார். இங்கிலாந்தில் கார்ஃபோர்த் என்பவர் ஆல்டாஃப்ட்ஸ் சுரங்கத்தருகே இரும்புக் கூடம் ஒன்றைக் கட்டி, வேண்டுமென்றே தூசியை வெடிக்கச் செய்து பார்த்தார். கல்லைப் பொடியாக்கிப் பாதைகளில் தூவிவிட்டால் தூசியின் தீ அந்த இடத்தைத் தாண்டி ஓடாது என்று தெரிந்தது. எளிய மருந்துதான். மீட்பு நிலையங்களைப் பொறுத்தவரை, பிரிட்டனில் முதல் நிலையம் யார்க்ஷயரின் டாங்கர்ஸ்லியில் 1902-லேயே தோன்றியிருந்தது. 1910, 1911-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அதைச் சுரங்கங்களின் கடமையாக்கின. புகை நிறைந்த பொய்ச் சுரங்கங்களில் கருவியை மாட்டிக்கொண்டு தவழ்வதும், செங்கல் சுவரை இடிப்பதும், ஆளைக் கட்டிலில் கட்டி இழுப்பதும் வாரந்தோறும் நடக்கும் பயிற்சியாயின. முதல் உலகப் போரின் காலத்தில் நச்சு வாயுவுக்கு மாற்றுத் தேடிய அமெரிக்க வேதியியலார், மாங்கனீசு, செம்பு ஆகியவற்றின் ஆக்சைடுகளைக் கலந்து 'ஹாப்கலைட்' என்ற பொருளைச் செய்தார்கள். கார்பன் மோனாக்சைடு அதன் வழியே போனால் கரியமில வாயுவாக மாறிவிடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கலிஃபோர்னியா ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் பெயரை ஒட்டி அதற்கு அப்பெயர் வந்தது. இதை ஒரு சிறு டப்பாவில் அடைத்து ஒவ்வொரு தொழிலாளியின் இடுப்பிலும் தொங்கவிடும் வழக்கம் பிறகு வந்தது. டைலர்ஸ்டவுனில் வாயுவுக்குள் நடந்து போனவர்களின் இடுப்பில் அது இருந்திருந்தால் அவர்களுள் பலர் வெளியே வந்திருப்பார்கள்.

சுரங்கம் என்பது நமக்கு அயலான தொழில் என்று எண்ண வேண்டாம். கோலார் தங்கவயலில் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் பாறையைக் குடைந்தவர்களுள் பெரும்பாலோர் தமிழ் பேசும் மக்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமான கிணறுகளில் அவர்கள் இறங்கினார்கள். அங்கே வாயுவைவிடப் பாறை வெடிப்பே பெரிய எமன். மேலுள்ள பாரம் தாங்காமல் சுவரே சிதறிப் பாயும். 2001-இல் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன. கிணற்றுச் சங்கு வேளையல்லா வேளையில் ஊதினால் தெருவே வாசலுக்கு வந்து நிற்கும் வாழ்க்கையை அறிந்த முதியவர்கள் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

சட்டத்தில் இரண்டாவது வழி எழுதியிருப்பது வேறு, தரைக்குள் இருப்பது வேறு. 2010 ஆகஸ்டு 5-இல் தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் சான் ஹோசே என்ற சுரங்கம் சரிந்து 33 பேர் அடைபட்டார்கள். காற்றுக்காக வெட்டிய குழி வழியே ஏறித் தப்ப அவர்கள் முயன்றார்கள். அதில் பொருத்தப்பட்டிருக்க வேண்டிய ஏணி மேலே தொடராமல் நின்றுவிட்டது. பதினேழாம் நாள் மேலிருந்து துளைத்த துளை அவர்களை எட்டியது. அறுபத்தொன்பதாம் நாள் அவர்கள் எல்லோரும் ஒரு குறுகிய இரும்புக் கூட்டில் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். உலகமே தொலைக்காட்சியில் அதைப் பார்த்தது. அத்தகைய இரும்புக் கூடு இருபத்தோராண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் ஓடியதைப் பார்த்தவர்கள் குறைவு.

நம் நாட்டில் நிலக்கரி வட்டாரம் ஜார்க்கண்ட், வங்காள எல்லைகளை ஒட்டியது. 1975 டிசம்பர் 27-இல் தன்பாதுக்கு அருகே சாஸ்நாலாச் சுரங்கத்தில், கைவிட்ட பழைய பகுதியில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 375 பேர் மூழ்கினார்கள். நீரை இறைத்து உடல்களை எட்டுவதற்கே வாரக்கணக்கில் ஆயிற்று. அந்த நினைவு ஆறுவதற்குள், 1989 நவம்பர் 13-இல், மேற்கு வங்காளத்து ராணிகஞ்சில் மகாவீர் சுரங்கத்தில் அதே விதமாகப் பழைய நீர் உட்புகுந்தது. பெரும்பாலோர் கூண்டில் ஏறித் தப்பினார்கள். 71 பேர் உள்ளே சிக்கினார்கள். அவர்களுள் ஆறு பேரை நீர் கொண்டுபோயிற்று. மீதி 65 பேர், ஹார்ட்லிக்காரர்கள் செய்ததைப் போலவே, மேடான ஒரு பகுதிக்கு ஏறிச் சென்று காத்திருந்தார்கள்.

கிணற்றை நீர் அடைத்துவிட்டது. ஜஸ்வந்த் சிங் கில் என்பவர் அங்கே பணியாற்றிய பொறியாளர். தன்பாதில் 1926-இல் தொடங்கிய சுரங்கக் கல்லூரியில் பயின்றவர். முதலில் மேலிருந்து ஒரு சிறு துளை போட்டு, கீழே உயிர் இருக்கிறது என்று அறிந்தார்கள். அதன் வழியே உணவை இறக்கினார்கள். பிறகு ஆள் ஒருவர் நின்றபடி போகக்கூடிய அளவுக்குத் துளையை அகலமாக்கினார்கள். அந்த அளவுக்கேற்ப எஃகுக் கூடு ஒன்றை அருகிலுள்ள பட்டறையில் செய்யச் சொன்னார் கில். இல்லாத இரண்டாவது கிணற்றை மூன்று நாளைக்குள் தோண்டிவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

துளை தயாராயிற்று, கூடும் தயாராயிற்று. முதலில் யார் இறங்குவது? கீழே இருப்பவர்கள் மூன்று நாளாக இருளில் கிடப்பவர்கள். கூடு போய் நின்றவுடன் எல்லோரும் ஒரே சமயத்தில் அதைப் பற்றினால் காரியம் கெட்டுவிடும். அவர்களை வரிசைப்படுத்த ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். மேலதிகாரிகள் தயங்கியும் கில் தாமே கூட்டில் ஏறினார். கீழே அவர் கூட்டின் கதவைத் திறந்தபோது, அறுபத்தைந்து முகங்கள் அவரைப் பார்த்தன. அருகில் நின்றவரைக் கூட்டில் ஏற்றி, மேலே இழுக்கச் சொல்லிச் சைகை கொடுத்தார். கூடு போய்த் திரும்பியது. அடுத்தவர் ஏறினார். மணிக்கணக்கில் அது ஏறியும் இறங்கியும் ஓடியது. நவம்பர் 16-ஆம் நாள், 65 பேரும் ஏறிய பின்பு, கடைசியாகக் கில் மேலே வந்தார். 1991-இல் குடியரசுத் தலைவர் ஆர். வேங்கடராமன் அவருக்கு சர்வோத்தம் ஜீவன் ரட்சா பதக்கத்தை வழங்கினார்.

ஹார்ட்லியில் ஆறு நாள் கயிற்றில் தொங்கி அடைப்பை அகற்றிய கோல்சனுக்கும் அந்நாளில் ஒரு தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். அவருடன் உழைத்தவர்களுக்கு வெள்ளிப் பதக்கம். அவர்களுடைய துணிவில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் இறங்குவதற்கு அன்று வேறு கிணறுதான் இல்லை.